குழந்தையின் வயது: நாற்பத்தாறு

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், தைத்து முடிந்த சட்டைகளைக் கடைசியாகப் பார்த்து அனுப்பும் மேசை அவளுடையது. இருபத்திரண்டு வருடமாக அதே மேசை. காலரில் ஒரு தையல் நழுவியிருந்தாலும் சிவப்பு அம்பு ஒட்டித் திருப்பி விடுவாள். தையல்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டார்கள். பொருத்தமான பெயர்தான் என்று அவளும் திரும்பிப் பார்த்தாள்.

வம்பு ஸ்பீக்கர் ரூபத்தில் வந்தது. புதிதாகச் சேர்ந்த மேலாளர், வேலை செய்கிறவர்கள் உற்சாகமாக இருக்கட்டும் என்று கூடம் முழுக்கப் பாட்டு போட ஏற்பாடு செய்தார். ஆறு ஸ்பீக்கரில் ஒன்று அவள் தலைக்கு நேர் மேலே. மற்றவர்கள் காலால் தாளம் போட்டார்கள். அவளுக்கு மண்டைக்குள் யாரோ ஆணி இறக்குவது போலிருந்தது. கண் பார்க்கிற தையல் மனதில் ஏறவில்லை. மூன்றாம் நாள் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான்காம் நாள், ஒரு கை நீளமும் ஒரு கை குட்டையுமான சட்டைகள் ஒரு பெட்டி நிறைய அவள் மேசையைத் தாண்டிப் போய்விட்டன.

மேலாளர் கூப்பிட்டு விட்டார்.

"எல்லாருக்கும் பிடிச்சிருக்கு, உங்களுக்கு மட்டும் என்னம்மா? காதுல ஏதாவது கோளாறுன்னா டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க. பாக்கலாம்."

காது டாக்டர் சோதித்துவிட்டு, "காது அருமையா கேக்குது" என்றார்.

"அதுதான் டாக்டர் பிரச்சினையே."

அவர் சிரித்தார். லெட்டர் தரவில்லை.

பள்ளிக்கூட ஆசிரியையான அவள் தங்கைதான் முதலில் அந்த வார்த்தையைச் சொன்னாள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளை வகுப்பில் எப்படி நடத்துவது என்று அவளுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். "அக்கா, கோச்சுக்காத. அவங்க சொல்லச் சொல்ல எனக்கு உன் ஞாபகமாவே இருந்துது. சத்தம், சட்டை லேபிளை வெட்டி எறியறது, சொன்ன டயத்துக்கு ஒரு நிமிஷம் பிந்தினாலும் முகம் மாறிப்போறது... எல்லாம் நீதான்."

பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் பூதக்கண்ணாடி எதையும் பாதியாக எடுத்துக்கொள்கிறவள் இல்லை. படித்தாள். ஒரு வாரம் வேறு எதையும் படிக்கவில்லை. பிறகு மனநல மருத்துவரிடம் போனாள்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு. புருஷன் பஸ் டிரைவர்."

"வேலைக்குப் போறீங்க. என் கண்ணைப் பாத்துப் பேசறீங்க. அப்புறம் எப்படிம்மா ஆட்டிசம்?"

"கண்ணைப் பாக்கல டாக்டர். உங்க புருவத்துக்கு நடுவுல பாக்கறேன். சின்ன வயசுலயே பழகிட்டேன்."

அவர் தூக்க மாத்திரை எழுதினார். அவளுக்குத் தூக்கத்தில் எந்தக் குறையும் இருந்ததில்லை. இதைச் சொன்னபோது, "டென்ஷன் குறையும்" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

ஆட்டிசம் பார்க்கிற மையம் ஒன்று இருந்தது. போன் செய்தால், "குழந்தைக்கு என்ன வயசு?" என்பார்கள். நாற்பத்தாறு என்றால், "குழந்தையோட வயசு மேடம்" என்பார்கள். எனக்குத்தான் என்றால் காத்திருப்பு இசை. அதுவும் ஒரே மெட்டு, திரும்பத் திரும்ப. நான்கு முறை போனை வைத்துவிட்டாள். ஐந்தாவது முறை புருஷனிடம் கொடுத்தாள்.

"இத்தன வருஷம் குடும்பம் நடத்திட்டோம். இப்ப இதுக்கு ஒரு பேர் வச்சு என்ன ஆகப்போவுது?" என்று கேட்டுக்கொண்டே போனைக் காதில் வைத்தார். அரை மணி நேரம் வைத்திருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த அரை மணியும் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்து மாதம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். முன்கூட்டியே நிரப்பப் பதினோரு பக்கப் படிவம் வந்தது. குழந்தையின் பெயர், குழந்தையின் வயது. 'குழந்தை மற்ற குழந்தைகளுடன் விளையாடுமா? எப்போதும், சில நேரம், அரிதாக.' சில நேரம் என்றால் வாரத்துக்கு எத்தனை முறை என்று அவள் ஓரத்தில் கேள்வி எழுதினாள். கடைசிப் பக்கத்தில், குழந்தையின் தாய் நேரில் வர வேண்டும் என்றிருந்தது.

தாய்க்கு எழுபத்து மூன்று. இரண்டு பேரும் குழந்தைகளுக்கான குட்டி நாற்காலியில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்தார்கள். உளவியலாளர் சின்னப் பெண், பொறுமையாகக் கேட்டாள்.

"இவளா? தங்கமான பிள்ளை. ஒரு தொந்தரவு கிடையாது" என்று அம்மா ஆரம்பித்தாள். "விளையாட மாட்டா. மத்தவங்க ஆடறப்ப ஓரமா நின்னு தப்பாட்டத்தைச் சொல்லுவா. அடி வாங்கிட்டு வருவா."

"உடை விஷயத்துல எப்படி?"

"அதுதாம்மா ஒரே கஷ்டம். நீலச் சட்டை ஒண்ணு. அதைத் தவிர எதையும் உடம்புல ஏத்த மாட்டா. தினம் துவைச்சுக் காய வைப்பேன். சின்னதாப் போனதும் அதே துணி தேடிப் புடிச்சு, பெரிசா ஒண்ணு தைச்சேன். இவளுக்குத் தெரியாம மாத்தி வச்சேன். கண்டுபிடிக்கவே இல்ல."

"கண்டுபிடிச்சேன்" என்றாள் மகள். "பழசுல பட்டனுக்கு நாலு ஓட்டை. புதுசுல ரெண்டு."

அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "அப்புறம் ஏன்டி போட்டுக்கிட்ட?"

"நீ அவ்வளவு கஷ்டப்பட்டிருந்தியே."

உளவியலாளர் எழுதுவதை நிறுத்திவிட்டாள். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த கேள்வியைக் கேளும்மா" என்றாள்.

இன்னும் மூன்று நாள் சோதனைகள். ஒன்றரை மாதத்தில் அறிக்கை வந்தது. ஆட்டிசம்தான், சந்தேகமே இல்லை என்றது. ஒன்பது பக்கத்தில் பதினான்கு எழுத்துப் பிழைகளும் இருந்தன; ஓரிடத்தில் அவளை 'இச்சிறுவன்' என்று குறிப்பிட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் சிவப்பு அம்பு ஒட்டித் திருப்பிக் கொடுத்தாள். திருத்தி வாங்க இன்னும் பத்து நாள்.

மேலாளர் ஒன்பது பக்கத்தையும் புரட்டினார். "இதுல ஸ்பீக்கரைப் பத்தி ஒண்ணுமே இல்லையேம்மா?"

வாயைத் திறந்தால் என்ன வருமென்று அவளுக்கே பயமாக இருந்தது. மறுபடி மையத்துக்குப் போய், 'இவர் தலைக்கு மேலுள்ள ஒலிபெருக்கியை நிறுத்தவும்' என்று ஒரே ஒரு வரி எழுதி முத்திரை குத்தி வாங்கி வந்தாள். மேலாளர் கையெழுத்துப் போட்டார். எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்து ஒரு ஒயரைக் கழற்றினார். இரண்டு நிமிடம் ஆகவில்லை.

"இவ்வளவுதானாக்கா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே புடுங்கியிருப்பேனே!"

பெயர் தெரிந்துவிட்டதே, நிம்மதியாக இருக்குமே என்று தங்கை கேட்டாள். நிம்மதி வரத்தான் செய்தது. அதற்கு முன்னால் கோபம் வந்தது. விளையாட்டில் வாங்கிய அடி, திமிர் பிடித்தவள் என்று வாங்கிய பேச்சு, கல்யாண வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே ஒளிந்து நின்ற நேரம் எல்லாம் வரிசையாக வந்தன. இரண்டு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. புருஷன் ஒன்றும் கேட்காமல் தொலைக்காட்சிக்கு ஒரு ஹெட்போன் வாங்கி வந்தார். கொஞ்சம் மட்டமான ஹெட்போன். பக்கத்தில் உட்கார்ந்தால் கொசு பாடுவது போல் கேட்கும். அவள் அதையும் சொல்லிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தாள்.

"உன் சின்ன மாமா விசாரிச்சாரு. ஆஸ்பத்திரிக்கு அலையறாளாமே, என்னன்னு. என்னடி சொல்றது?"

"உள்ளதைச் சொல்லு."

"அவருக்குப் புரியாதேடி."

"அப்ப என்கிட்ட பேசச் சொல்லு. ஆனா சாயங்காலம் அஞ்சுக்குன்னு சொன்னா அஞ்சுக்குத்தான் பண்ணணும்."

மாமா ஐந்தே காலுக்குப் போன் செய்தார். அவள் எடுக்கவில்லை.