அன்னத்தின் நெற்றியில் குங்குமம்

அந்தப் புத்தகத்தின் அட்டை கருநீலத் துணி. நடுவில் தங்க நிறத்தில் ஓர் அன்னம், கழுத்தை வளைத்துத் தன் சிறகைத் தானே பார்த்துக்கொண்டிருக்கும். தாளில் அச்சிட்டு ஒட்டிய படமல்ல அது. துணியிலேயே அழுத்திப் பதித்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் கழுத்து எங்கே வளைகிறது என்று விரலுக்குத் தெரியும். அன்னத்தின் தலையில் ஒரு சிவப்புக் கறை உண்டு. அதற்குக் காரணம் என் அம்மா என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. நாகர்கோவிலில் மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தேன். எங்கள் குடும்பத்தில் எழுத்தறிந்த முதல் ஆள் நான். அதை நான் மறந்ததுமில்லை, பிறரை மறக்க விட்டதுமில்லை. புத்தக அலமாரியின் சாவி எங்கள் டீச்சரிடம் இருந்தது. எந்தப் புத்தகமும் பழுப்புத் தாள் உறையோடுதான் வெளியே போகும். உறையைக் கழற்றக் கூடாது. கறை பட்டால் அந்த ஆண்டு முழுவதும் வேறு புத்தகம் கிடையாது. எனக்கோ அந்த அலமாரியை விட்டால் படிக்க வேறு வழியே இல்லை.

சரஸ்வதி பூஜை விடுமுறைக்கு அந்தப் புத்தகத்தோடு ஊருக்கு வந்தேன். பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அதுவரை எங்கள் வீட்டுப் பூஜையில் அரிவாளும் மண்வெட்டியும்தான் இருக்கும். அந்த ஆண்டு அம்மா பலகையை இரண்டு முறை கழுவி, கோலமிட்டு, என் புத்தகத்தை நடுவில் வைத்தாள். பார்க்க வந்த பக்கத்து வீட்டு அத்தை சிரித்துவிட்டாள்.

“இது என்ன மயினி, பலசரக்குப் பொட்டலமா? சரசுவதிக்கு இதுதானா கெடச்சுது?”

அம்மாவின் முகம் சுருங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. பழுப்புத் தாளை உருவி எறிந்தேன். அன்னம் விளக்கொளியில் மின்னியது. அத்தை குனிந்து பார்த்து, “கொள்ளாமே!” என்று மெச்சினாள். அந்த ஒரு சொல்லில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் அம்மா சந்தனத்தைக் குழைத்து அன்னத்தின் தலையில் வைத்து, அதன்மேல் குங்குமத்தை அழுத்திவிட்டாள்.

“யம்மா!”

“ஏட்டி, என்னத்துக்குக் கத்துதே? பொட்டு வைக்காம பூஜைக்கு வைப்பாங்களா?”

எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். “தொடப்பிடாது மக்கா. நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்.”

அன்று முழுவதும் அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று எட்டு வைத்தால் எட்டிவிடலாம்; ஆனால் தொடக் கூடாது. சந்தனத்தின் ஈரம் துணியில் மெல்லப் பரவுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் சந்தனம் பொருக்காக உதிர்ந்தது. சிவப்பு போகவில்லை. பழுப்புத் தாளை மறுபடி மடித்துப் போட்டேன்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் புரட்டிப் பார்த்தார். தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். எனக்குப் பின்னால் நின்ற பெண் கையை நீட்டி, “அந்தப் புத்தகம் எனக்கு வேணும் டீச்சர்” என்றாள். டீச்சர் அவள் பெயரை எழுதப் பேனாவை எடுத்தார். இனி கறை எப்போது தெரிந்தாலும் பழி அவள் தலையில்தான் விழும்.

“டீச்சர், உறைக்குள்ள கறை இருக்கு. நான்தான்.”

அவர் தாளைப் பிரித்தார். நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்தார். “குங்குமமில்லா? யாரு வச்சது?”

அம்மா என்று சொல்லியிருந்தால், படிக்கத் தெரியாதவள்தானே என்று ஒருவேளை விட்டிருப்பார். எழுத்தறியாத வீடு என்று அந்த வரிசையில் ஒருத்தி சிரிப்பதை நான் கேட்க விரும்பவில்லை. உறையைக் கழற்றிய கையும் என்னுடையதுதானே. “நான்தான்” என்றேன் மறுபடியும். அந்த ஆண்டு எனக்கு வேறு புத்தகம் இல்லை. விடுமுறைக்குப் போனபோதெல்லாம் அம்மா என் பையைப் பார்த்து, “பொஸ்தகம் ஒண்ணும் கொண்டாரலியா மக்கா?” என்பாள். பரீட்சை என்று ஏதோ சொல்வேன்.

இப்போது அதே பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். பழைய புத்தகங்களை ஒதுக்கியபோது அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் அதற்கு உறை போடுவதில்லை. ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வருகிறாள். நான் அன்னத்தை அவள் பக்கம் திருப்பி வைக்கிறேன். அந்த ஆண்டு நடந்ததை அவளிடம் நான் சொன்னதில்லை. அவள் விரல் பழைய கறையைத் தேடிப் பிடித்து, அதன்மேலேயே பொட்டு வைக்கிறது.