ஹெட்லைட் இறக்கியவன்

என் சின்னம்மாவுக்கு நாலு பிள்ளைகள். மூத்தது பெண், கடைசி இரண்டும் இரட்டை. நடுவில் தனியாகப் பிறந்தவனைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். எனக்குத் தம்பி முறை. தெருவில் அவனுக்குச் 'சுவர்' என்று பெயர். வண்டிகளின் ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தாமல் தரையில் விழும்படி திருத்திக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. அதற்குச் சுவர் வேண்டும். முப்பது வருஷம் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டே சம்பாதித்தான்.

நீளமான தகர ஷெட். கோடியில் வெள்ளையடித்த சுவர். அதிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளித் தரையில் மஞ்சள் கோடு. வண்டியின் மூக்கைக் கோட்டில் நிறுத்தி, ஷட்டரை இறக்கி இருட்டாக்குவான். விளக்கு எத்தனை அங்குல உயரத்தில் இருக்கிறது என்று டேப்பில் அளந்து, சுவரில் அதே உயரத்துக்குச் சாக்பீஸால் கோடு இழுப்பான். வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கீழே வரும்வரை விளக்குக்குப் பின்னாலிருக்கும் திருகைத் திருகுவான். டயரில் காற்றுப் பார்ப்பான். சரக்கு வண்டி என்றால் பின்னால் எட்டு மணல் மூட்டை ஏற்றாமல் திருகைத் தொடமாட்டான். சரக்கு ஏறினால் பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் தூக்கும், வெளிச்சமும் கூடவே மேலே போகும். காலி வண்டியில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

அவனுக்கு ஒரு சகலை. பெண்டாட்டியின் தங்கை புருஷன். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் குறித்து வருகிறவர். பழைய ஸ்கூட்டர், சட்டைப் பையில் இரண்டு பேனா. தேநீரைத் தவிர வேறெதையும் குடித்து யாரும் பார்த்ததில்லை. ஷெட்டுக்கு வந்தால் வாய் சும்மா இருக்காது.

"சகலை, நாள் முழுக்க சுவத்தப் பாக்கறதுக்குச் சம்பளமா? எங்க வீட்டுலயும் நாலு சுவர் சும்மாதான் நிக்குது."

"உங்க வீட்டுச் சுவத்தப் பாத்தா உங்க பொண்டாட்டில்ல வேலை வாங்கும்?"

அந்த வருஷ மழையில் பக்கத்து லேத் பட்டறைக்குள் தண்ணீர் புகுந்தது. தம்பியின் மணல் மூட்டைகளை வாசலில் அணைகட்ட வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்குப் பார்த்துத்தான் டைல்ஸ் கடைக்காரர் தன் பிக்கப்பைக் கொண்டுவந்தார். ஸ்பிரிங் மாற்றி, பெரிய டயர் போட்டு வண்டியை ஒரு முழம் தூக்கியிருந்தார். விளக்கு இவன் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"இப்படியே விட்டா எதிர்ல வர்றவன் குருடாயிடுவான்," என்றான் தம்பி.

"அதுக்குத்தானே அண்ணே உங்ககிட்ட வந்தேன். எறக்கிக் குடுங்க."

"மூட்டை இல்ல. நாளைக்கு வாங்க."

"நாளைக்கு விடிஞ்சா லோடு. பார்த்து செஞ்சு குடுங்க."

காலி வண்டியிலேயே இறக்கிக் கொடுத்தான். ஒன்றிரண்டு அங்குலம் கூடுதலாகவே இறக்கினானாம். அது போதும் என்று நினைத்தான். விளக்கு சரி என்று சீட்டெழுதி, அரசாங்கம் கொடுத்திருந்த முத்திரையைக் குத்தினான்.

ஐந்தாம் நாள், பொழுது சாய்ந்த நேரம். சகலை மீட்டர் குறித்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். வாய்க்கால் வளைவில் ஸ்கூட்டரோடு கல்லில் போய் விழுந்தார். பிழைக்கவில்லை. தன் கவனக்குறைவால் விழுந்தார் என்று போலீஸ் எழுதியது. நாலு பேர் அதற்குக் கண் மூக்கு வைத்து, குடித்திருந்தார் என்று ஆக்கிவிட்டார்கள்.

துக்க வீட்டில் ஒரு லாரி டிரைவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: "நான் அவருக்குப் பின்னாடிதான் வந்தேன். எதிர்ல ஒரு தூக்கின பிக்கப்பு, டைல்ஸ் லோடு. எனக்கே கண்ணு அவிஞ்சு போச்சு."

தம்பி அதைக் கேட்டான். மூன்றாம் நாள் என் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னான்.

"வாய மூடிக்கிட்டு இரு," என்றேன். "யாரும் உன்னைக் கேக்கல."

"கேக்கலதான் அக்கா. அவரக் குடிகாரன்ங்கறாங்களே."

"நாலு நாள் சொல்லுவாங்க. அப்புறம் மறந்துடுவாங்க."

"கொழுந்தியா மறப்பாளா?"

காபி கொடுத்தேன், ஆறவிட்டு எழுந்து போனான்.

நேராகப் போலீசுக்குப் போயிருக்கிறான். அதிகாரி நம்பவில்லை. தம்பியே பிக்கப்பை டைல்ஸ் பெட்டிகளோடு ஷெட்டுக்கு வரச் சொல்லி, ஷட்டரை இறக்கி, விளக்கைப் போடச் சொன்னான். வெளிச்சம் கோட்டுக்கு மேலே ஒரு சாண் ஏறி நின்றது.

"எறக்கினது யாரு?" என்று அதிகாரி கேட்டார்.

"நான்தான். மூட்டை ஏத்தாம எறக்கினேன்."

டைல்ஸ் கடைக்காரர் முத்திரை குத்தின சீட்டை எடுத்து நீட்டினார். "நான் அண்ணன நம்பித்தான் ஓட்டினேன்," என்றார். அதில் பொய்யும் இல்லை.

முத்திரையைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஷெட்டுக்குப் பூட்டு விழுந்தது. கோர்ட்டுக்கு ஒன்றரை வருஷம் அலைந்தான். கடைசியில், இறந்தவர் மேல் தவறில்லை, மது அருந்தியிருக்கவில்லை என்று ஒரு காகிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு கொழுந்தியா வீட்டுக்குப் போனான். என் தம்பி பெண்டாட்டியும் கூடப் போனாள், அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கொழுந்தியா இரண்டு தரம் படித்தாள்.

"அத்தான், இத்தனை நாள் எனக்கு அவர்மேலதான் கோபம். பாத்து ஓட்டாம இப்படி விட்டுட்டுப் போயிட்டாரேன்னு. அவரோட சண்டை போட்டுக்கிட்டே நாளை ஓட்டிட்டேன். இனிமே உங்கமேல கோபப்படணும். அக்கா புருஷன்மேல. என்னால முடியாது. நீங்க இங்க வராதீங்க."

அதற்குப் பிறகு அவன் அங்கே போகவில்லை. அக்காவும் தங்கையும் மார்க்கெட்டில் பார்த்துக்கொள்வார்கள், காய்கறி விலை பேசுவார்கள், பிரிவார்கள். தம்பி ஒரு குடோனில் வாட்ச்மேனாக உட்கார்ந்தான். ஆறாம் வருஷம் உட்கார்ந்தபடியே போய்விட்டான்.

அன்றைக்குக் கொழுந்தியா வந்தாள். அவன் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றாள். அழவில்லை. பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தான் வெளிய சொல்றத நீங்க அன்னிக்கே தடுத்தீங்களாமே?"

"தடுத்தேன்மா."

"இன்னும் கொஞ்சம் பலமாத் தடுத்திருக்கலாம்," என்றாள்.