கண்ணாடி வேண்டாம் என்ற தேவகி அக்கா

நான் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, தேவகி அக்கா இறந்துவிட்டார் என்று தொலைபேசி வந்தது. வெளியே நல்ல மழை. அவர் வீட்டு மாடியில் இந்த மழையை இனி யார் பிடிப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

நிபோங் திபாலில் எண்ணெய் தரும் செம்பனைக்கான எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்களுக்கு அக்காவைத் தெரியும். பினாங்குத் தீவிலிருந்து தினமும் பாலம் கடந்து வருவார். போரான் என்ற சத்துதான் அவர் உலகம். அது குறைந்தால் செம்பனையின் இலைநுனி கொக்கிபோல மடங்கிவிடும். உரம் போட்டால் சரியாகிவிடும் என்று நாங்கள் இருப்போம். அக்கா விடமாட்டார்.

"உரம் மூட்டையில வருது, சரி. மூட்டை இல்லாத காலத்துல காட்டுக்கு யாரு குடுத்தா? கடல்தான்லா! அலை உடையிறப்ப உப்புத்துளி காத்துல ஏறுது, மழையோட எறங்குது, வேர் குடிக்குது. ஓலை மக்கினா மண்ணுக்கு. பெரிய மழை பேஞ்சா ஆத்தோட திரும்பவும் கடலுக்கு."

சொல்லும்போதே கையை வட்டமாகச் சுழற்றுவார். கையில் தே தாரிக் டீ இருந்தாலும் சுழற்றுவார். என் சேலைகளில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

ஒரு மழைக்காலம் முழுக்க மாடியில் மழைநீர் பிடித்துச் சோதித்தார். போரான் ஏராளம். "கடலம்மா அள்ளிக் குடுத்துட்டா" என்று எல்லாருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கித் தந்தார். பிறகுதான் உறைத்தது: ஆய்வுக்கூடக் கண்ணாடியிலேயே போரான் உண்டு, அதுதான் நீரில் கசிந்திருக்கிறது. அவருக்குத் தெரியாததா? பிளாஸ்டிக் பாட்டில் தீர்ந்துபோன அவசரத்தில் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துவிட்டார்; ஆசை கண்ணை மறைத்துவிட்டது. கூட்டத்தில் எழுந்து, "கடல் குடுக்கல, பாட்டில் குடுத்திருக்கு. எல்லாத்தையும் கொட்டிட்டேன்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். அதற்குப் பிறகு ஊறுகாயைக்கூட அவர் கண்ணாடியில் வைத்ததில்லை. கேலி செய்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

கடைசி நாட்களில் மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கமலா, சாம்பல் முழுசும் கடலுக்குத்தான். மிச்சம் வைக்காதீங்க. நான் சுத்திட்டு வரணும்."

"சும்மா இருங்கக்கா" என்று அதட்டினேன். வேறென்ன செய்வது?

மகள் மலர் மெல்பர்னிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மாவின் குரலைக் கடைசியாக ஒருமுறை கேட்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. சாம்பல் கரைக்கப் படகில் போனோம். நடுவில் அவள் பையிலிருந்து சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்தாள்.

"ஆன்ட்டி, கொஞ்சூண்டு எடுத்துக்கிறேன். எனக்குன்னு ஒண்ணுமே இல்ல."

ஒரு பக்கம் அக்காவின் கடைசி ஆசை, இன்னொரு பக்கம் அவர் பெற்ற பிள்ளை. யார் பக்கம் பேசுவது? என்னையறியாமல் வாயில் வந்தது இதுதான்: "கண்ணாடி வேணாம்மா."

மலர் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பே அழுகையாக உடைந்தது. "அம்மா ஏசுவாங்கல்ல?" என்றாள். பானையைக் கவிழ்த்து முழுவதையும் கடலுக்கே கொடுத்தாள்.

அன்று மாலை மழை பெய்தது. அக்காவின் பழைய புனலை வைத்து இருவரும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்தோம். அக்கா அவ்வளவு சீக்கிரம் திரும்பமாட்டார் என்று எங்களுக்குத் தெரியும். இருந்தும் மலர் அதைத் துணியில் சுற்றி மெல்பர்னுக்கு எடுத்துப் போனாள்.

புனல் இப்போது என் வீட்டு மாடியில் இருக்கிறது. மழை வந்தால் போய் அதன் பக்கத்தில் நனைந்துகொண்டு நிற்கிறேன். "வாங்கக்கா" என்று வாய்விட்டே சொல்கிறேன்.