லாக்கெட்டுக்குள் இருந்த முடி

பழசு போலத் தோன்றும் நகைகளைச் செய்துதான் நான் பத்துப் பன்னிரண்டு வருஷம் சோறு தின்றேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய சங்கதி வேறொன்று இருக்கிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். கொடைக்கானல் பங்களாக்களில் இருந்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாமான்களை விற்றுவிட்டுக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம். என் கணவர் பஜாரில் சின்னதாக ஒரு கடை வைத்து அந்தச் சாமான்களை வாங்கி விற்றார். பிரம்பு நாற்காலி, பீங்கான் தட்டு, மேஜை விளக்கு எல்லாம் அவர் பொறுப்பு. பெட்டிகளின் அடியில் கிடக்கும் உடைந்த நகைகளும் பொத்தான்களும் என் பொறுப்பு. கல் விழுந்த புரூச், அறுந்த பாசிமாலை, ஒற்றைக் கம்மல், கவுனிலிருந்து பிய்த்த லேஸ், பெல்ட் பக்கிள், இப்படி ஒரு மரப்பெட்டி நிறைய வைத்திருப்பேன்.

ஒன்றின் கல்லை எடுத்து இன்னொன்றில் பதிப்பேன். கறுப்பு வெல்வெட் நாடாவில் பழைய பக்கிளைத் தைத்துக் கழுத்துப் பட்டி செய்வேன். கொண்டைச் சீப்பின் தலையில் புரூச் கற்களை மெல்லிய கம்பியால் வரிசையாகக் கட்டுவேன். புது லேஸைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால் அதற்கு நாற்பது வயது கூடிவிடும். புதுப் பித்தளைச் சங்கிலியை ஒரு வாரம் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டால் போதும். சீசனுக்கு மெட்ராஸிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வரும் பெண்கள் அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து, "அந்தக் காலத்துச் சாமானா?" என்று கேட்பார்கள்.

"துரைசானி கழுத்துல கெடந்ததுங்க" என்பார் என் கணவர், வாய் கூசாமல். அதைப் போன செவ்வாய்க்கிழமைதான் நான் கட்டி முடித்திருப்பேன். உள்ளே உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொள்வேன்.

அந்தச் சிரிப்பு நின்றுபோனது எங்கள் முதல் பெண் போனபிறகு. பத்து மாசக் குழந்தை. நான் பழனிக்காரி. எங்கள் வீட்டார் அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் முதல் முடி பழனி ஆண்டவனுக்குத்தான். ஒன்பதாம் மாசம் இறக்கியிருக்க வேண்டும். அது சித்திரை மாசம், சீசன் சூடு பிடித்த நேரம், என் கை நிறைய வேலை. கணவர் இரண்டு தடவை கேட்டார். "சீசன் முடியட்டும், பதினோராம் மாசம் இறக்கிக்கலாம்" என்று சொன்னவள் நான்தான். பத்தாம் மாசம் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. சுருள் சுருளாக இருந்த அந்த முடியோடுதான் பிள்ளையை மண்ணில் வைத்தோம்.

வந்தவர்கள் எல்லாம் விதி என்றார்கள். எனக்கு மட்டும் அது விதியாகப் படவில்லை. ஆண்டவனுக்குக் கொடுக்கவேண்டியதை நாலு கழுத்துப் பட்டிக்காகத் தள்ளிப்போட்டேன் என்பதுதான் மனசில் நின்றது. அழுது தீர்த்தேன் என்று எழுத மாட்டேன். தீரவில்லை.

மறு வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா ஊருக்குத் திரும்பப் போவதாகச் சொல்லிச் சாமான்களை விற்றார். முப்பது வருஷம் இங்கேயே இருந்தவர், கணவரை இழந்தவர். அவருடைய பங்களா எங்கள் கடையிலிருந்து கால் மணி நேர நடை. அவருடைய சமையல்காரர் பெட்டி பெட்டியாகக் கட்டிக் கொடுக்க, என் கணவர் மொத்தமாக வாங்கிவந்தார். அதில் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பொத்தான்கள் இருந்தன. டின்னைக் கவிழ்த்தபோது பொத்தான்களோடு ஒரு லாக்கெட்டும் விழுந்தது.

முட்டை வடிவத்தில், கட்டைவிரல் அகலத்தில் இருந்தது. ஓரத்தில் கறுப்பு எனாமல், அதைச் சுற்றிக் கடுகு மாதிரி முத்துகள். பின்பக்கம் இங்கிலீஷ் எழுத்துகள் வெட்டியிருந்தன. எனக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும், இங்கிலீஷ் வராது. வழக்கம்போலப் புளி போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வோர் எழுத்தாகத் துலக்கினேன். பிறகு கத்தி முனையால் மூடியைத் திறந்தேன். உள்ளே கண்ணாடிக்கு அடியில் ஒரு கொத்து முடி, சின்னப் பாய் மாதிரிப் பின்னி வைத்திருந்தது. மக்காச்சோளக் கதிரின் நார் நிறம். கண்ணாடியைக் கிளப்பித் தொட்டுப் பார்த்தேன். குழந்தை முடிதான், சந்தேகமே இல்லை.

செத்தவர்களின் முடியை யாரும் வீட்டில் வைத்துக்கொள்வதை நான் கண்டதில்லை. குழந்தை முடியை எடுத்து வைப்பதென்றால் எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். நேர்ந்துகொண்டு, பழனிக்கு வர முடியாமல் போனவர்கள் வீட்டிலேயே ஒரு கொத்து நறுக்கி மஞ்சள் துணியில் முடிந்து வைப்பார்கள். அந்தப் பக்கம் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். அப்படி எங்கள் பழனிக் கடைக்கு வந்த முடிச்சுகளைச் சின்ன வயதில் நானே கொண்டுபோய் மொட்டை போடும் கொட்டகையில் சேர்த்திருக்கிறேன். சேர்க்கும்போது பிள்ளையின் பேரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் யாருடையது என்று ஆண்டவனுக்கு எப்படித் தெரியும் என்பாள் என் அம்மா.

வெள்ளைக்காரருக்கு ஏது பழனி என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. வீட்டு ஆயா யாராவது அந்தப் பிள்ளைக்காக நேர்ந்திருக்கலாம், சொல்ல பயந்து உள்ளே வைத்திருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சேராமல் கிடக்கிற முடி ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது, அதுவும் என் கைக்கு. அதற்கு மேல் யோசிக்க நான் விரும்பவில்லை.

அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். வெள்ளனே எழுந்து முதல் பஸ் பிடித்து, வத்தலக்குண்டில் இறங்கி, ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி போய்ச் சேர்ந்தேன். முடி, மஞ்சள் துணியில் முடிந்து என் இடுப்பில் இருந்தது. சரவணப்பொய்கையில் குளித்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்ப் பூமுடி கொடுக்க உட்கார்ந்தேன். நாவிதர் என் கூந்தல் நுனியில் மூன்று கொத்து நறுக்கிக் குவியலில் போட்டார். நானும் கையைத் திறந்து அந்தப் பிள்ளையின் முடியை அதே குவியலில் விட்டேன். பேர் சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளையோ, பேர் தெரியாது, ஏற்றுக்கொள் ஆண்டவா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாயில் வந்தது என் பெண்ணின் பேர்.

தவறி வந்தது என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. பஸ்ஸில் வரும்போதே அந்தப் பேர் என் நாக்கில் இருந்தது.

அன்று படியேறிச் சாமி பார்த்துவிட்டு அம்மா வீட்டில் படுத்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

கொடைக்கானல் திரும்பி ஒரு வாரம் இருக்கும். காலையில் அந்தச் சமையல்காரர் ஓட்டமும் நடையுமாகக் கடைக்கு வந்தார்.

"பொத்தான் டின்னுல ஒரு லாக்கெட்டு கெடந்துச்சாங்க? எனக்குத் தெரியாம அதையும் சேத்துக் கட்டிப்புட்டேன். அம்மா வீட்டையே கவுத்துப் போட்டுத் தேடுறாங்க. நாளைக்கு அவங்களே வர்றாங்களாம், எடுத்து வைங்க. அவங்க மக முடி அதுக்குள்ள இருக்குதாம்."

அவர் போனதும் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேர் விஷயத்தைத் தவிர. அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

"முடிதானே? வேற முடி வெச்சு மூடு. உனக்கா தெரியாது இந்தச் சோலி? வயசான அம்மா, என்னத்தக் கண்டாங்க."

எங்கள் கடையில் ஒரு சீமைப் பொம்மை இருந்தது. ஒரு கண் போய்விட்டதால் விற்காமல் கிடந்தது. அதன் தலையில் அதே நிறத்தில் முடி. கழுத்துப் பக்கமாக ஒரு கொத்து நறுக்கினேன். தேயிலைத் தண்ணீரில் லேசாக நனைத்துப் பளபளப்பைக் குறைத்தேன். ஊசியாலும் இடுக்கியாலும் மத்தியானம் முழுக்கப் பின்னினேன். அந்தச் சின்னப் பாயில் எந்த இழை எதன்மேல் போகிறது என்பது என் கண்ணில் அப்படியே நின்றது. கண்ணாடியை வைத்து மூடிப் பார்த்தபோது, பழையதைவிட என்னுடையது நேர்த்தியாக இருந்தது. என் தொழில் எனக்கு அருவருத்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் அந்தம்மா வந்தார். ஒல்லியான உயரமான உருவம், கையில் குடை. பேசுவது புத்தகத் தமிழ். லாக்கெட்டை வாங்கித் திறந்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு மூடிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"மிகவும் நன்றி அம்மா. இது என் மகளுடையது. நான்கு வயதில் இறந்துபோனாள். இந்த ஊரில்தான் அடக்கம் செய்தோம். கல்லறைக் கல்லை நான் கப்பலில் கொண்டுபோக முடியாது. இதைக் கொண்டுபோகலாம்."

அவர் நம்பிவிட்டார். அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். கணவர் எனக்குக் கண் காட்டினார். ஆனால் ஒரு தாய் பொம்மை முடியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அம்மா, அது உங்க பிள்ளை முடி இல்லீங்க" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பழனி வழக்கத்தைச் சொன்னேன், மஞ்சள் துணியைச் சொன்னேன், பொம்மையைக் காட்டினேன். பேர் சொல்லித்தான் சேர்க்க வேண்டும் என்பதையும் உளறிவிட்டேன். அவர் பொம்மையின் பின்கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எந்தப் பெயரைச் சொன்னாய்?"

பொய் சொல்ல ஒரு நொடி இடமிருந்தது. "என் பிள்ளை பேரைச் சொல்லிட்டேங்க" என்றேன். என் கணவர் அப்போதுதான் அதைக் கேட்கிறார். அவர் கையில் இருந்த துணி கீழே விழுந்தது.

"உன் பிள்ளைக்கு எத்தனை வயது?"

"பத்து மாசங்க."

அவர் தலையசைத்தார். லாக்கெட்டைத் திறந்து, தன் சட்டையில் குத்தியிருந்த ஊக்கால் கண்ணாடியைக் கிளப்பி, பொம்மை முடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். காலி லாக்கெட்டை மூடினார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என் வீடு கால் மணி நேர நடைதானே. வந்து கேட்டிருக்கலாமே. பெயரை நான் சொல்லியிருப்பேன்."

அவர் போனபிறகு என் கணவர் கீழே விழுந்த துணியை எடுத்து மடித்தார். அப்புறம் சொன்னார்: "நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அந்தம்மா நிம்மதியாக் கப்பல் ஏறியிருக்கும்." அவரோடு அன்று கடுமையாகச் சண்டை போட்டேன். அவர் சொன்னது தப்பு என்று அன்றைக்கு எனக்கு உறுதியாகத் தெரிந்தது. இன்றைக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் பாரம் இறங்குவதற்காக அந்தம்மா தலையில் அதை ஏற்றிவிட்டேனோ என்று நினைப்பேன்.

அடுத்த வாரம் அந்தம்மா ஊரைவிட்டுப் போய்விட்டார். எங்களுக்குப் பிறகு ஒரு பெண் பிறந்தது. ஒன்பதாம் மாசமே பழனிக்குக் கொண்டுபோய் முடி இறக்கினோம், நல்ல சீசனில், கடையைப் பூட்டிவிட்டு. நகை செய்யும் வேலையை நான் விடவில்லை, வயிறு இருக்கிறதே. ஆனால் திறக்கிற சாமான் எது வந்தாலும் அதை நான் திறப்பதில்லை. விற்றவரிடமே கொண்டுபோய் நீட்டி, உள்ளே எதுவும் இருக்கிறதா பாருங்கள் என்பேன்.

ஊருக்கு மேலே இருக்கும் வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்துக்கும் அவ்வப்போது போவேன். லாக்கெட்டின் பின்னால் நான் துலக்கிய எழுத்துகளில் முதல் எழுத்து மட்டும் நினைவிருக்கிறது. தூண்டில் முள் மாதிரிக் கீழே வளைந்திருக்கும். அந்த எழுத்தில் பேர் தொடங்கும் சின்னக் கல் அங்கே இரண்டு இருக்கிறது. எது அந்தப் பிள்ளையினுடையது என்று எனக்குத் தெரியாது. இரண்டிலும் பூ வைத்துவிட்டு வருகிறேன்.

கடைக்கு வந்த அன்று அந்தம்மா உடனே போய்விடவில்லை. வெளியே தூறல் போட்டது. வாசலில் நின்று குடையை விரிக்கப் பார்த்தார், கம்பி சிக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்ய அவருக்கு வெகுநேரம் பிடித்தது. அவருக்கும் எனக்கும் நடுவே நாலு அடி தூரம்தான். உங்க பிள்ளை பேரு என்னங்க என்று கேட்க அந்த நேரம் தாராளமாகப் போதும்.

அப்போதும் நான் கேட்கவில்லை.