இடது மெஷினின் கீழே கிடந்தது

நான் வந்து குடியேறிய, பிரெஞ்சு பேசும் நகரத்தின் டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவியல் கட்டடத்தைத் துப்புரவு செய்வது என் வேலை. பெருக்கும்போது அகப்படும் சின்னச் சாமான்களைக் குப்பையில் போடமாட்டேன். சட்டைப் பையில் போட்டு உரியவரிடம் கொடுத்துவிடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு பெரிய மெஷின்கள் நிற்கும் பேராசிரியை ஒருவரின் ஆய்வுகூடத்தில் அரிசியளவு உலோகக் குழாய் ஒன்று கிடந்தது. இரண்டு முனையும் மூடியிருந்தது. அவர் யாருடனோ பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார். குறுக்கே போய்ப் பேச எனக்குக் கூச்சம். திங்கட்கிழமை கொடுக்கலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை மனைவி உடுப்புத் தோய்த்தாள். சட்டை சுழன்றுகொண்டிருந்தபோதுதான் நினைவு வந்தது. மெஷின் நின்றதும் கதவு ரப்பரின் மடிப்புக்குள் விரலை விட்டுத் துழாவி எடுத்தேன். உள்ளே தண்ணீர் போயிருக்குமோ? என்ன சாமான் என்றே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

"என்னப்பா, வீட்டுக்குள்ளை மரதன் ஓட்டம் ஓடுறியளோ?" என்றாள் மனைவி.

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததுக்கே இவ்வளவு நடையோ?"

திங்கள் காலை நான் போனபோது, பேராசிரியையும் அவரிடம் ஆய்வு செய்யும் சென்னைப் பெண்ணும் முழங்காலில் நின்று டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, குட்டியா ஒரு குழாய் பாத்தீங்களா? உள்ள பாறைப் பொடி இருக்கு. பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல இருக்கற சூட்டையும் அழுத்தத்தையும் இந்த மெஷின்ல குடுத்து, மாக்மா எப்படி உருவாகுதுன்னு பாக்கறோம். மேடம் நாலு நாள் ஓட்டினது."

நீட்டினேன். "உடுப்புத் தோய்க்கிற மெஷினிலையும் ஒருக்கா ஓடிட்டுது, பிள்ளை."

அவள் மொழிபெயர்க்கப் பேராசிரியை சிரித்தார். உடனே ஏதோ கேட்டார்.

"தண்ணி போகாதுண்ணா, வெல்ட் பண்ணினது. ஆனா எங்க கிடந்துச்சு? வலது மெஷின்னா என்னோட ட்ரயல், அதுலயும் ஒண்ணு காணாமப் போச்சு. இடதுன்னா மேடமோடது. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும்."

"இடது. பின்கால், எண்ணெய்க் கறைக்குப் பக்கத்திலை."

"நிச்சயமா?"

"அந்தக் கறையோடை ஆறு வருசமா மல்லுக்கட்டுறன்."

பேராசிரியை குனிந்து கறையைப் பார்த்தார். தலையசைத்தார். எனக்கு அப்போதும் நிம்மதியில்லை. பிசகிச் சொல்லிவிட்டேனோ என்று அடுத்த மூன்று நாளும் அதே நிலத்தை இரண்டு தரம் துடைத்தேன்.

வியாழக்கிழமை குழாயை அறுத்து, உள்ளே இருந்ததைப் பெரிதாக்கித் திரையில் காட்டினார்கள். சாம்பல் நிற மணிகள், அவற்றின் இடுக்குகளில் நூல்போலக் கோடுகள்.

"அந்தக் கோடுதான் உருகினது. பாறை முழுசா உருகாதுண்ணா, ஓரத்துல கொஞ்சம்தான். என்னோடது உருகற சூட்டுக்கே போகல, அதுல கோடே வராது. நீங்க சொன்னது சரி."

அன்று அதே அறையில் மெஷினிலிருந்து கழன்ற திருகாணி ஒன்று கிடந்தது. பேராசிரியை போனில் பேசிக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை அதைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலில் கால் மாற்றி மாற்றி நின்றேன்.