பையனுக்குங்களா?

அந்த ரூமுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாமான்னு என்ற ஊட்டுக்காரர் கேட்டப்ப நான் தோசை ஊத்திட்டு இருந்தேன். சும்மா கம்ப்யூட்டர் இல்லையாம், கேம் ஆடற கம்ப்யூட்டராம். ஒவ்வொரு பார்ட்டையும் பாத்துப் பாத்துத் தனித்தனியா வாங்கி, அவரே ஊட்டுல வெச்சு மாட்டப்போறாராம். எனக்குத்தான் கோவம் சட்டுன்னு வருமே. "எல்லாமே உங்களுக்கு விளையாட்டாப் போச்சுங்களா?"ன்னு கேட்டுட்டேன். அவரு பதில் பேசாம தட்டைக் கழுவி வெச்சுட்டு வேலைக்குக் கெளம்பிட்டாரு. பேசாம இருக்கறதுல அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது.

அந்த ரூம்னா எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். சிங்காநல்லூர்ல ஊடு கட்டும்போதே கொழந்தைக்குன்னு ஒதுக்குன ரூம் அது. ஏழாம் மாசம், வளைகாப்புக்கு நாள் குறிச்சு வளையல்கூட வாங்கியாச்சு. திடீர்னு எனக்கு பிரஷர் ஏறிப்போச்சு. மயக்க மருந்து குடுத்து ஆப்பரேஷன் பண்ணுனாங்க. கொழந்தை உசுரோட பொறக்கல. அடுத்த நாள் நான் கண்ணு முழிக்கறதுக்குள்ள அவரும் அவரோட பெரியப்பாவும் அவங்க ஊரு தாராபுரத்துக்குக் கொண்டு போயி, தோட்டத்துல அடக்கம் பண்ணிப்போட்டு வந்துட்டாங்க.

அது ஆணா பொண்ணா? எனக்குத் தெரியாது. பெத்தவளுக்கே தெரியாதான்னு நீங்க கேக்கலாம். என்ற மாமியார் கட்டில்ல பக்கத்துல உக்காந்து, "கேக்காத கண்ணு, தெரிஞ்சா மனசு ஒட்டிக்கும்"னு சொன்னாங்க. ஆஸ்பத்திரி ஃபைலையும் கையோட எடுத்துட்டு ஊருக்குப் போயிட்டாங்க. நல்லது நெனச்சுத்தான் செஞ்சாங்க, அது வேற. அவரு ஒருத்தரு பாத்தவரு, கையில ஏந்துனவரு. அவர்கிட்டக் கேக்கணும்னு எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கேன். பேச்சு அந்தப் பக்கம் திரும்புனாலே எந்திரிச்சு மோட்டார் போடப் போயிருவாரு. டேங்க் நெறஞ்சு வழிஞ்சுட்டு இருக்கும், அப்பவும் போவாரு. அப்படியே வருசம் ஓடிப்போச்சு. கேட்டுத் தெரிஞ்சுக்கற காலம் தாண்டிப்போன மாதிரி ஆயிருச்சு.

அதுக்கப்புறம் மறுபடி உண்டாகறதுக்குன்னு ஊசி, மாத்திரை, ஸ்கேன். ஒவ்வொரு தடவையும் "நிக்கலைங்க"ன்னு ஒத்தை வார்த்தையில முடிச்சு அனுப்புவாங்க. இந்த வருசம் நாந்தான் போதும்னு சொன்னேன். என்ற உடம்புல ஊசி போடறதுக்கு இனி எடமில்லைன்னு சொன்னேன். அவரு சரின்னாரு. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல, ஒரு சொட்டு அழுகல. அடுத்த தடவைக்குன்னு எடுத்து வெச்ச காசுலதான் இப்ப கேம் ஆடற கம்ப்யூட்டர். இந்த மனுசனுக்கு அந்தக் கொழந்தை மேல ஏதாச்சும் இருந்துச்சா இல்லையா, நான் மட்டுந்தான் இத்தனை நாளா இதைச் சொமந்துட்டுத் திரியறனான்னு நெனைக்க நெனைக்க எனக்கு வயிறு எரிஞ்சுச்சு.

இருந்தாலும் அந்தச் சனிக்கெழமை கூடப் போனேன். எதையாச்சும் வாங்கி ஏமாந்துட்டு வந்துருவாருன்னு ஒரு நெனப்பு, ஊட்டுல அந்த ரூமோட தனியா இருக்கவும் முடியல. காந்திபுரத்துல கம்ப்யூட்டர் கடையா இருக்கற தெருவுல, மாடியில ஒரு கடை. கடைக்காரருக்கு எங்க வயசுதான் இருக்கும். தன்மையான மனுசன். ஒக்கார வெச்சு, தண்ணி குடுத்து, எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துப்போட்டுக் கேட்டாரு.

"பையனுக்குங்களா?"

இந்த மாதிரிக் கேள்வியை என்கிட்டத் துணிக்கடையில கேட்டிருக்காங்க, கல்யாண ஊட்டுப் பந்தியில கேட்டிருக்காங்க. எத்தனை கொழந்தைங்க, என்ன படிக்குதுங்க, இன்னும் இல்லைங்களான்னு ஒண்ணொண்ணா வரும். இங்கயும் வந்துருச்சான்னு வெடுக்குனு ஏதோ சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள என்ற ஊட்டுக்காரர் சொல்லிட்டாரு.

"ஆமாங்க. பையனுக்குத்தானுங்க."

என்ன வயசுன்னு கடைக்காரர் கேட்டாரு. இவரு யோசிக்கவே இல்லை. "எட்டு முடியப்போகுதுங்க"ன்னாரு.

நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். சரியா வந்துச்சு. பொழைச்சிருந்தா இப்ப அந்த வயசுதான். பொய் சொல்றவரு ஏதோ ஒரு வயசைச் சொல்லியிருக்கலாம், இவரு அந்த வயசைச் சொன்னாரு. அப்ப பையன். பையனா பொறந்திருக்கான். இத்தனை வருசமா எனக்குச் சொல்லாததை ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரருக்குச் சொல்லிப்போட்டாரு. கோவப்படணும்னுதான் நெனச்சேன், கோவம் வரலை. நாற்காலியை நல்லாப் பிடிச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தேன்.

கடைக்காரர் பாட்டுக்கு எட்டு வயசுப் பையனுக்கு ஏத்த மாதிரி எடுத்துப்போட ஆரம்பிச்சாரு. இவரு கேட்ட கிராபிக்ஸ் கார்டைப் பாத்துட்டு, இது பையன் ஆசையா அப்பா ஆசையான்னு சிரிச்சாரு. இவரும் சிரிச்சாரு. பார்ட்டெல்லாம் உள்ள மாட்டற பெட்டியை கேபினெட்டுங்கறாங்க, அதுல பக்கவாட்டுல கண்ணாடி வெச்சதுதான் இவரு கண்ணுல நின்னுச்சு. கடைக்காரர் வேண்டாம்னுட்டாரு. பையன் பந்து கிந்து அடிச்சா சில்லுச் சில்லாப் போயிரும், அதுவுமில்லாம சிங்காநல்லூர்ப் பக்கம் மில்லுப் பஞ்சுத்தூசி அதிகம், முன்னால வலையும் ஃபில்டரும் இருக்கற இரும்புக் கேபினெட்டே எடுத்துக்குங்கன்னாரு. நான் ஆமா, அதுவே இருக்கட்டும்னேன். ரேம் வெலை ஏறிக் கெடக்குது, இப்போதைக்கு ஒண்ணு போதும், பையன் பெருசானா இன்னொண்ணு சேத்துக்கலாம்னாரு. அதுக்கும் தலையாட்டுனேன். சின்னக் கைக்குன்னு சின்ன மவுஸா ஒண்ணு எடுத்துக் காட்டுனாரு. என்ற ஊட்டுக்காரர் கை லேத்துல வேலை செய்யற கை, அந்த மவுஸு உள்ளங்கைக்குள்ள மறஞ்சே போயிரும். அவரு என்னைப் பாத்தாரு. நான் கடைக்காரரைப் பாத்து, "அதையே குடுங்க"ன்னேன்.

பெட்டிக்குள்ள எரியற லைட்டு என்ன கலரு வேணும்னதுக்குக்கூட நாந்தான் நீலம்னு சொன்னேன். இல்லாத பையனுக்கு ரெண்டு பேரும் ஒட்டுக்கா உக்காந்து சாமான் வாங்குனோம். மரியாதைக்காரங்க நாங்க, கேட்டவரை இல்லைன்னு சொல்லி வருத்த மாட்டோம்.

கிராபிக்ஸ் கார்டு மட்டும் ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வந்துரும்னாங்க. மிச்சத்தையெல்லாம் கட்டி வாங்கிட்டு, வண்டியில அவரு முதுகுக்கும் எனக்கும் நடுவுல கேபினெட் பெட்டியை வெச்சுப் பிடிச்சுட்டு வந்தேன். பெட்டி மேல தலையைச் சாச்சுட்டு நான் பாட்டுக்கு அழுதுட்டு வந்தேன், அவருக்குத் தெரியாது.

அந்த ஒரு வாரம் எனக்கு ஒரு பையன் இருந்தான். சிரிக்காதீங்க. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் யூனிஃபார்ம் போட்டுட்டுப் போற பசங்களைப் பாத்து, இந்த ஒசரம் இருப்பான், இவ்வளவு கருப்பா இருக்க மாட்டான்னு அளந்து பாத்தேன். தட்டுல சோத்தை மிச்சம் வெப்பான், அவங்கப்பன் மாதிரி வாயத் தொறக்க மாட்டான்னு முடிவே பண்ணிட்டேன். மனசுக்குள்ள அவனைத் திட்டக்கூட ஆரம்பிச்சேன், ஷூவைக் கழட்டி வெளிய வைடா, எத்தனை தடவை சொல்றதுன்னு. திட்டத் திட்ட மனசு லேசாச்சு. ஆணா பொண்ணான்னே தெரியாத ஒண்ணுக்கு எப்படி அழுகறதுன்னு தெரியாமயே இத்தனை காலம் இருந்திருக்கேன். இப்பத்தான் அழுகறதுக்கு ஒரு மொகம் கெடச்சுச்சு.

கார்டு வந்தது. ஞாயித்துக்கெழமை காலையில அந்த ரூம்ல பெட்ஷீட்டை விரிச்சு எல்லாத்தையும் பரப்புனாரு. நான் கதவுகிட்ட உக்காந்து ஸ்க்ரூவை எடுத்து எடுத்துக் குடுத்தேன். ப்ராசசரை எடுத்து போர்டுல வெக்கறதுக்கு முன்னால அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டே இருந்தாரு. நாளெல்லாம் இரும்பைப் பிடிக்கற கைக்கு இது என்ன பெரிய வேலையான்னு கிண்டல் பண்ணுனேன். மொதல் தடவை போட்டப்ப ஃபேன் ஓடுச்சு, ஸ்கிரீன்ல ஒண்ணும் வரலை. அவரு மொகம் செத்துப்போச்சு. ரேமைக் கழட்டி, தொடச்சு, மறுபடி அமுக்கி மாட்டுனதும் வந்துருச்சு. நீல லைட்டு செவுத்துல அடிச்சுது. அந்த ரூம்ல அவ்வளவு வெளிச்சத்தை நான் பாத்ததே இல்லை.

கேம் எறங்க மத்தியானம் பூராம் ஆச்சு. பொழுது சாயற நேரத்துல ரெண்டு பேரும் காப்பியை வெச்சுட்டு உக்காந்தோம். ஆரம்பத்துலயே ஆடறவங்க பேரை அடிக்கச் சொல்லி ஒரு கட்டம் வந்துச்சு. அந்தச் சின்ன மவுஸை ரெண்டு வெரல்ல பிடிச்சு அங்க கொண்டு போனாரு. அப்புறம் ஒத்தை வெரல்ல ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி அடிச்சாரு.

அது பொம்பளப்புள்ள பேரு. எங்க ஊட்டுல யாருக்கும் இல்லாத பேரு.

"கடையில பையன்னு சொன்னீங்களே மாமா"ன்னேன். என்ற கொரல் எனக்கே வேற யாரோடதோ மாதிரி கேட்டுச்சு.

அவரு ஸ்கிரீன்ல இருந்து கண்ணை எடுக்கல. "அவரு பையனுக்கான்னு கேட்டாரு அம்மணி. நான் ஆமான்னுட்டேன்"னாரு. இன்னிக்கு மோட்டார் போட எந்திரிச்சுப் போகலை. காப்பி டம்ளரைத் தள்ளி வெச்சுட்டு, "பொண்ணு. தலை நெறைய முடி"ன்னாரு.

ஒரு வாரம் நான் திட்டித் திட்டி வளத்த பையன் அங்கயே செத்துப்போனான். அவனுக்கு அழுகறதா, இப்பத்தான் பொறந்த இவளுக்கு அழுகறதான்னு தெரியாம அவரு தோளை இறுக்கிப் பிடிச்சுட்டேன். அது குலுங்கிட்டு இருந்துச்சு. எங்கிட்டச் சொல்லாம இந்தப் பேரை எப்பங்க வெச்சீங்கன்னு கேட்டேன்.

"மண்ணுக்குள்ள வெக்கறப்ப," அவரு சொன்னாரு. "ஏதாச்சும் பேரு சொல்லிக் கூப்புடணுமில்ல."