658ஆம் எண் அலமாரி

கல்யாணமான மறுமாதமே நான் மாவு மில்லில் நிற்க ஆரம்பித்துவிட்டேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருந்தது என் கணவர் வீட்டு மில். கல்வராயன் மலையிலிருந்து வரும் பெண்கள் சாமையும் கேழ்வரகும் சுமந்துகொண்டு வருவார்கள். ஊருக்குள்ளிருந்து மிளகாயும் மல்லியும் வரும். கல்லாவில் மாமியார் உட்காருவார். அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கணவர் ஓட்டல் ஆர்டர்களுக்காக வெளியே அலைவார். மிஷினும் சல்லடையும் எனக்கு. பி.காம். படித்த பெண் வேண்டும் என்று தேடி வந்து கட்டியவர்கள், கணக்கை மட்டும் என் கையில் தரவேயில்லை.

சாமை, கேழ்வரகு, பயறு எல்லாம் வறுத்து அரைத்துச் சத்துமாவாகப் பாக்கெட் போட்டு விற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன்.

"அரைச்சிக் குடுக்கவே ஆள் பத்தல. இதுல பாக்கெட்டு வேறயா?" என்றார் அத்தை.

கணவர் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டார். பேச்சு அதோடு முடிந்தது.

மதியம் மில்லை நிறுத்துகிற நேரத்தில் கடைத்தெருவுக்கு என்று கிளம்பினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அப்படித்தான் நூலகத்துக்குப் போனேன். கூடம் முழுக்க அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். அலமாரிகளை ஒட்டியே மேசைகளைப் போட்டிருந்தார்கள். தொழில் என்றோ வியாபாரம் என்றோ தலைப்பு எங்காவது தெரிகிறதா என்று கண் வலிக்கத் தேடினேன். ஜோசியம் கிடைத்தது, தோட்டக்கலை கிடைத்தது. நான் தேடியது இல்லை.

நூலகர் அம்மா என்னைக் கூப்பிட்டார். "பேர வெச்சித் தேடாதீங்க. முதுகுல ஒட்டியிருக்கிற நம்பரப் பாருங்க. வியாபாரம்னா 658. புள்ளிக்கு அப்புறம் வர்றது உள்பிரிவு. விக்கிறதப் பத்தின்னா 658.8. அதுக்குக் கீழ இருக்கிறது எழுதினவங்க பேரோட மொத எழுத்துங்க."

அதன்பிறகு அந்த அலமாரிகள் எனக்கு வேறு மாதிரி தெரிந்தன. சமையல் 641இல் இருந்தது. கணக்குப் பதிவு 657. உணவுப் பொருள் தயாரிப்பு 664. எனக்கு வேண்டிய எண், கடைசி வரிசையில், சுவரை ஒட்டிய அலமாரியின் அடித்தட்டில். அங்கே போக ஒரு பெண்ணை நாற்காலியோடு நகரச் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த முறை போனபோது நூலகர் அம்மா லீவு. அவருக்குப் பதிலாகப் புது ஆள் உட்கார்ந்திருந்தார். நான் நேராகப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன். 658.8 தட்டில் வரிசை குலைந்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொண்டே வந்தேன். சிறுதொழில் செய்கிறவர்கள் பொருளை எப்படிச் சந்தைக்குக் கொண்டுபோவது என்று தமிழிலேயே ஒரு புத்தகம் அகப்பட்டது. அங்கேயே படிக்க ஆரம்பித்தேன். மின்விசிறி நின்றபோது கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். எழுந்து பார்த்தால் கூடத்தில் ஒருவரும் இல்லை. மதிய இடைவேளைக்குக் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கதவைத் தட்டினேன். பிறகு தெருப்பக்கத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயிலில் தெரு வெறிச்சென்று கிடந்தது. போன் கையில்தான் இருந்தது. யாரைக் கூப்பிட்டாலும் வீட்டுக்குத் தெரிந்துவிடும். திறக்கிறவரை சும்மா இருந்துவிடலாம் என்று முடிவு செய்தபோது போன் அடித்தது. அத்தை.

"மலைக்காரங்க வந்து காத்துக்கினு இருக்காங்க. எங்க போய்ட்ட?"

பொய் எதுவும் வாயில் வரவில்லை. "லைப்ரரில மாட்டிக்கினேன் அத்த. பூட்டிட்டுப் போய்ட்டாங்க."

உடனே போன் கட் ஆனது.

கணவரை அனுப்புவார் என்று நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றது அத்தையே. புடவை முந்தானையெல்லாம் மாவு. டீக்கடைப் பக்கம் திரும்பி, "சாவி வெச்சிக்கினு இருக்கிறவரு எங்கங்க? உள்ள பொண்ணு இருக்குது!" என்று கத்தினார். யாரோ தேடிக்கொண்டு ஓடினார்கள். பிறகு அத்தை ஒரு தண்ணீர் பாட்டிலைக் கம்பிக்குள் நீட்டிக்கொண்டே என் கக்கத்தில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"இன்னா புக்கு அது?"

"வியாபாரம் பத்தி."

"வியாபாரம் பண்ற வூட்ல இருந்துக்கினு அதப் படிக்க இங்க வந்தியா?"

"வூட்ல யாரும் சொல்லித் தரலியே அத்த."

இடையில் கம்பி இருந்ததால்தான் சொன்னேனோ என்னவோ. அதுவரை அவரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் முகம் இறுகியது. தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சாவி வைத்திருந்த அந்தப் புது ஆள் மூச்சு வாங்க வந்து கதவைத் திறந்து, என்னைவிட அதிகமாகப் பயந்து, திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். மில்லுக்கு அத்தை முன்னால் வேகமாக நடந்தார், நான் பின்னால் போனேன். மலைப் பெண்கள் மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். நான் மிஷினைப் போட்டேன்.

அந்த வாரக் கடைசியில், சர்ச்சிலிருந்து திரும்பி வருகிற வழியில், அத்தையே கேட்டார். "அந்தச் சத்துமாவுக்கு இன்னா இன்னா போடுவ?"

சொன்னேன். என் கணவர் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷமா சந்தேகமா என்று எனக்குப் புரியவில்லை.

இப்போது சத்துமாவு விற்கிறது. நல்லபடியாகவே விற்கிறது. வடக்கனந்தல் பக்கத்துக் கடைகளிலிருந்தும் கேட்கிறார்கள். லைசென்ஸ் அத்தை பெயரில். பாக்கெட்டில் அச்சடித்திருப்பது மில்லின் பெயர். முன்பு அரைக்கிறதும் சலிக்கிறதும் மட்டும் என் வேலை. இப்போது வறுக்கிறதும் பாக்கெட் ஒட்டுகிறதும் சேர்ந்துகொண்டன. மதிய இடைவேளையும் சுருங்கிவிட்டது. லேபிளில் என் பெயரையும் போடலாமா என்று கேட்டேன்.

"ஊருக்கெல்லாம் மில்லு பேருதான் தெரியும். உம்பேரப் போட்டா யாரு வாங்குவாங்க?" என்றார் அத்தை. கோபமில்லை. மிளகாயில் காம்பு கிள்ளிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

நூலகத்துக்குப் போக மட்டும் இப்போது யாரும் தடை சொல்வதில்லை. வியாபாரத்துக்கு நல்லது என்று அனுப்பிவைக்கிறார்கள். போன வாரம் 658.1இல் தேடினேன். கூட்டுச் சேர்ந்து தொழில் நடத்துகிறவர்களுக்கு என்ன உரிமை, பங்கை எப்படி எழுதிக்கொள்வது என்றெல்லாம் அங்கே இருக்கும் என்றார் நூலகர் அம்மா. தட்டில் அந்தப் புத்தகம் இல்லை. யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வந்தால் எடுத்து வைக்கும்படி சொல்லிவிட்டு, தானியம் வறுக்க வீட்டுக்கு வந்தேன்.